பதினைந்தாவது குத்து

போன மாதம் வரை என் மேசை லாச்சியில், ஒரு பிளாஸ்டிக் உறைக்குள், ஒற்றைத் தாள் ஒன்று பன்னிரண்டு வருடமாகக் கிடந்தது. அதன் ஒரு பக்கம் கப்பல் சரக்கு எண்ணுவதற்கான டாலித் தாள். கட்டங்களில் ஒன்றுகூட நிரப்பப்படவில்லை. மறுபக்கத்தில், பேனையால் வரைந்த படமாக, குத்துச்சண்டை நடந்துகொண்டிருந்தது. திருகோணமலைத் துறைமுகத்தின் நடுவே தட்டையான ஒரு சரக்குப் பார்ஜ், அதன்மேல் நாலு மூலைக்கும் கயிறு கட்டிய மேடை, மேடையில் கையுறை போட்ட இரண்டு பேர். ஒருவன் நங்கூரன்; நினைத்த மாத்திரத்தில் தன் உடம்பைக் கப்பல் நங்கூரத்தின் பாரத்துக்கு ஏற்றிக்கொள்வான். மற்றவன் சோளகன், நினைத்தால் சோளகக் காற்றாகிச் சாவித் துவாரத்தாலும் போவான். கரையில் ஊர்ப் புள்ளிமான்கள் வரிசையாக நின்று பார்த்தன. நடுவர் ஒரு நண்டு, மூக்குக் கண்ணாடியை நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்ட நண்டு. தாளின் இடது ஓரத்தில் நங்கூரன் விட்ட குத்துகளின் எண்ணிக்கை இருந்தது. டாலிக்காரர் எண்ணுவதுபோல நாலு கோடு நிமிர்த்தி, ஐந்தாவதைக் குறுக்கே இழுத்து, அப்படி இரண்டு கட்டு. மூன்றாவது கட்டில் நாலு கோடுகள் மட்டும் நின்றன. குறுக்குக் கோடு இல்லை. அது ஏன் இல்லாமல் போனது என்பதைத்தான் எழுதப்போகிறேன். எனக்குப் பெருமை தரும் கதை அல்ல.

சோளகனைக் கீறியவரை நானா என்போம், முஸ்லிம் பேச்சில் அண்ணன். கிண்ணியாக்காரர், என்னைவிடப் பதினான்கு வயது மூத்தவர். துறைமுகத்தில் எல்லோருக்கும் அவர் நானாதான். கப்டன்மார்கூட அப்படிக் கூப்பிடுவார்கள். நானும் அவரும் ஒரு கப்பல் முகவரிடம் டாலிக் கிளாக்கர்களாக இருந்தோம். உரக் கப்பல் வந்தால் மூட்டைகளை இரண்டு இடத்தில் எண்ண வேண்டும். கிரேன் ஒரு தடவையில் தூக்குவதை நாங்கள் சிலிங் என்போம். ஒரு சிலிங்குக்கு இருபது மூட்டை. கப்பலின் மேல்தளத்தில் நின்று, தலைக்கு மேலால் போகும் ஒவ்வொரு சிலிங்குக்கும் ஒரு கோடு போடுவது என் வேலை. அதே சிலிங் கீழே ஜெட்டி என்ற இறங்குதுறையில் லொறிக்குள் இறங்கும்போது தன் தாளில் ஒரு கோடு போடுவது நானாவின் வேலை. தேத்தண்ணி வேளையிலும் மத்தியானத்திலும் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். எண்ணிக்கை ஒத்துப்போனால் நானா "இப்ப சரி" என்பார், இருவரும் இரண்டிலும் கையெழுத்து வைப்போம். ஒருவர் மட்டும் வைத்த கையெழுத்துக்குத் துறைமுகத்தில் சல்லிக்காசு மதிப்பில்லை.

குத்துச்சண்டை மழையால் தொடங்கியது. உரத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர் படக்கூடாது. சாதுவாகத் தூறினாலே கப்பலின் கிடங்கு வாயை மூடி, படங்கை இழுத்துக் கட்டி, எல்லோரும் குந்திவிட வேண்டியதுதான். மாரியில் இப்படி நாள்கணக்கில் குந்தியிருப்போம். ஒருநாள் நான் வீணாய்ப்போன டாலித் தாளொன்றின் பின்பக்கத்தில் நங்கூரனைக் கீறினேன். சின்ன வயதில் கொப்பி கொப்பியாகக் கீறித் தள்ளிய ஆள் அவன். நானா எட்டிப் பார்த்துவிட்டு, "இவன் ஆரு? பாரமான ஆளாக் கெடக்கான். காத்துக்கு என்ன செய்வான்?" என்று கேட்டுப் பக்கத்திலேயே சோளகனைக் கீறிவிட்டார். எவன் பெரியவன் என்ற பேச்சு அங்கேதான் பிறந்தது. மூட்டை தூக்கும் ஆட்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். அடித்துப் பார்த்தால்தான் தெரியும் என்று முடிவாயிற்று.

அடிப்பது லேசில்லை. ஒருவன் மேல் குத்துப் படாது. மற்றவனைக் குத்தினால் அசையமாட்டான். இரண்டு மழைநாள் இதை வைத்தே வாதாடினோம். கடைசியில் நானாதான் வழி சொன்னார். இருவரும் கையுறை போட வேண்டும். சோளகன் காற்றானால் கையுறை கழன்று விழும், விழுந்தால் தோல்வி. மேடையைப் பார்ஜில் போட வேண்டும். நங்கூரன் அளவுக்கு மீறிப் பாரமேறினால் பார்ஜ் தாழும், தாழ்ந்தால் தோல்வி. ஆகவே இருவரும் தங்கள் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்கலாம். முதலில் பதினைந்து குத்து விடுபவன் வென்றவன். இவ்வளவு நியாயமான சட்டத்தை நான் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் கண்டதில்லை.

கீறுவதற்கும் ஒரு சட்டம் வைத்தார். "ஒங்கட ஆள நீங்க கீறுங்க, என்ட ஆள நான் கீறுறன். மத்தவன்ட ஆள்ல கை வெக்கப்படாது." அதனால் ஒரு குத்துக்கு இரண்டு பேர் தேவைப்பட்டது. நான் நங்கூரனின் கையை நீட்டிக் கீறிக் கொடுத்தால், அந்தக் குத்தை வாங்கும் சோளகனின் முகத்தை நானா கீற வேண்டும். முகம் கோணாவிட்டால் குத்துப் படவில்லை என்று அர்த்தம். பட்டால் இருவரும் கையெழுத்து வைக்க, குத்தியவன் தன் பக்க ஓரத்தில் ஒரு கோடு போடுவான். நானா நினைத்திருந்தால் ஒரு குத்தும் வாங்காமல் தப்பியிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. நல்ல குத்து வந்தால் பேனையைக் காதிலிருந்து எடுத்து, "இது பட்டுட்டு" என்று சொல்லி, சோளகனின் தாடையை ஒரு முழம் தள்ளிக் கீறுவார். நான் அவ்வளவு நேர்மையாக இருந்தேன் என்று சொல்லமாட்டேன்.

கோட்டுக் கணக்கைப் புதுத் தாளில் ஏற்றிவிட்டு, முடிந்த தாள்களை நானா வீட்டுக்குக் கொண்டுபோவார். அவருடைய கடைசி மகளுக்கு அப்போது எட்டு வயது. குத்துகளின் சத்தத்தை எழுதுவது அந்தப் பிள்ளையின் வேலை. நங்கூரன் குத்தினால் "ணங்", சோளகன் குத்தினால் "விர்ர்ப்", இரண்டும் ரோஸ் நிறக் கலர்ப் பென்சிலில் வரும். நண்டு மட்டும் என் யோசனை. எங்கள் சுப்பவைசர் கண்ணாடியை நூலில் தொங்கவிட்டுக்கொண்டு பக்கவாட்டில் நடந்து வருவார். முதல் தாளில் சும்மா நண்டாக இருந்தது, நாலாவது தாளில் அவருடைய மீசையும் வந்துவிட்டது. அவர் கண்ணில் படாமல் தாள்களை ஒளிப்பது எங்களுக்கு இன்னொரு வேலையாயிற்று.

அந்த ஆண்டின் கடைசி உரக் கப்பல் வந்தபோது நங்கூரனுக்குப் பதினாலு, சோளகனுக்குப் பன்னிரண்டு. இன்னும் ஒரு குத்து. முதல் நாள் பின்னேரம் நான் நங்கூரனின் வலது கையைத் தோளிலிருந்து சுழற்றி ஒரு குத்துக் கீறிக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலைத் தேத்தண்ணிக்கு இறங்கியபோது நானா தாளைத் திருப்பித் தந்தார். "இந்தாங்க. வாங்கிட்டான்," என்றார். சோளகனின் முகம் பிலாக்கொட்டை நசிந்ததுபோல ஒரு பக்கமாகச் சப்பளிந்திருந்தது. ஒரு கண் மூடி, மறுகண்ணில் ஆச்சரியம். அதன் கீழே நானாவின் கையெழுத்து.

நான் படியேறி மேல்தளத்துக்குப் போனேன். கையில் தாள் செருகும் அட்டை, அதில் மேலே டாலித் தாள், கீழே சண்டைத் தாள். சிலிங்குகளுக்கு நடுவே கீழ்த் தாளை இழுத்துக் கையெழுத்தை வைத்தேன். அந்த முகத்தை இன்னொரு முறை பார்த்தேன், சிரிப்பு வந்தது. வென்றுவிட்டேன் என்ற சந்தோசம் உண்மையாகவே உடம்பெல்லாம் ஓடியது. முப்பது வயது மனிதன், கீறிய படத்தில் வென்றதற்கு. அந்த நேரம் தலைக்கு மேலால் ஒரு சிலிங் போயிற்று. சிலிங்குக்கு ஒரு கோடு, குத்துக்கு ஒரு கோடு என்று இரண்டு கோடு போட வேண்டியிருந்தது. இரண்டையும் மேல் தாளில் போட்டேன். அங்கே மூன்று கோடு நின்றது. நாலாவதைப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே வெட்டி இழுத்தேன். கட்டு முடிந்த திருப்தி கையில் இருந்தது. எந்தத் தாளில் முடிந்தது என்று பார்க்கவில்லை.

மத்தியானம் தாள்களை ஒப்பிட்டபோது என்னுடையதில் ஒரு சிலிங் கூடுதல். நானா இரண்டு தரம் எண்ணினார். எண்ணும்போது அவருடைய உதடு அசையும், சத்தம் வராது. வேறுபாடு மாறவில்லை. கப்பலிலிருந்து இருபது மூட்டை புறப்பட்டிருக்கிறது, கரைக்கு வந்து சேரவில்லை என்று எங்கள் தாள்கள் சொல்லின. லொறிகள் அம்பாறைக்கும் பொலன்னறுவைக்கும் போய்விட்டன. திரும்ப எண்ண வழியில்லை. மேலே கூடிக் கீழே குறைந்தால் துறைமுகத்தில் அதற்குக் களவு என்ற ஒரே அர்த்தம்தான், அது கீழே நிற்பவனைத்தான் சேரும். சுப்பவைசர் கண்ணாடியை மூக்கில் ஏற்றிக்கொண்டு சொன்னார்: "நாளைக்குக் காலமை ரெண்டு பேரும் வாங்கோ. ஆரோ ஒராள் பிழை விட்டனான் எண்டு எழுதித் தந்தால் இதோட முடியும். இல்லாட்டி நான் பொலிஸுக்குக் குடுக்கத்தான் வேணும்."

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில், மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்று சண்டைத் தாளை எடுத்துப் பார்த்தேன். மூன்றாவது கட்டில் நாலு கோடு நின்றது. குறுக்குக் கோடு இல்லை. அது எங்கே போயிற்று என்பது அந்தக் கணமே விளங்கிவிட்டது. இறங்கித் திரும்பிப் போயிருக்கலாம். நான் இறங்கவில்லை. அந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கும் கடிதம் வரவிருந்தது. அதோடு, என் பிழையை நிரூபிக்க அந்தத் தாளைத்தான் காட்ட வேண்டும். அதில் மீசை வைத்த நண்டு நிற்கிறது, நானாவின் கையெழுத்தும் இருக்கிறது, இருவரும் சேர்ந்துதான் போவோம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நண்டு வெறும் சாக்கு. தாளைக் காட்டாமலும் "என் பிழை" என்று சொல்லலாம். நான் பயந்தேன், அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஒரு பஸ்ஸை வேண்டுமென்றே விட்டுவிட்டு அடுத்ததில் போனேன். நான் போய்ச் சேர்ந்தபோது நானா சுப்பவைசரின் அறையிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார். "முடிஞ்சி தம்பி. நான் ஒரு சிலிங் போட மறந்துட்டன் எண்டு எழுதிக் குடுத்துட்டன்," என்றார். நான் "நானா..." என்று தொடங்கினேன். தொடங்கியது தொடங்கியபடியே நின்றது. "போங்க, கிரேன்காரன் காத்துக்கிட்டு நிக்கான்," என்றவர், இரண்டு எட்டு நடந்துவிட்டுத் திரும்பிக் கையை நீட்டினார். "அந்தத் தாளைத் தாங்க. மிச்சத்தக் கீறோணும்." கொடுத்தேன். அவர் அதை விரித்து இடது ஓரத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஜெட்டிக்கு நடந்தார்.

இரண்டு நாள் கழித்து, கப்பல் முடியும் அன்று, தாள் என்னிடம் திரும்பி வந்தது. படத்தின் கீழ்க் கட்டத்தில், இடது பாதியில் சோளகன் மேடைப் பலகையில் மல்லாந்து கிடந்தான். கையுறை கழலவில்லை. நானாவின் கையெழுத்து இருந்தது. வலது பாதி வெறுமை; வென்றவன் கையைத் தூக்கி நிற்பதற்கான இடம், நான் கீற வேண்டியது. நாலு கோடு நின்ற மூன்றாவது கட்டை அவர் தொடவே இல்லை. அவருடைய ஒப்பந்தம் அந்தக் கப்பலோடு முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. எனக்குக் கடிதம் வந்தது. கப்பல் வெறுமையானபோது, என் தாள்களின்படி கூட்டிய மொத்தத்தில், கப்பலின் சரக்குப் பத்திரத்தில் இருந்ததைவிட இருபது மூட்டை கூடுதலாக வந்தது. மேலே எண்ணியவன்தான் பிழை விட்டான் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் குறைந்தால்தான் கேட்பார்கள், கூடினால் யாரும் கேட்பதில்லை.

நானா பிறகு கிண்ணியாவில் ஒரு மீன் வாடியில் வேலைக்குச் சேர்ந்தார். கிண்ணியா ஒன்றும் சீமையில் இல்லை, பஸ்ஸில் அரை மணித்தியாலம். போகவில்லை. பஸ் நிலையத்தில் எப்போதாவது கண்டால் சுகம் விசாரிப்போம். மீன் எப்படி என்று நான் கேட்டால், "மீன எண்ண ஏலா தம்பி, நிறுக்கத்தான் ஏலும். நல்ல வேலை," என்பார். முதல் சில வருடம் அவருக்கு எப்போதும் அவசரமாக ஒரு பஸ் பிடிக்க வேண்டியிருந்தது. இதற்கிடையில் நான் சுப்பவைசர் ஆனேன். வெள்ளெழுத்து வந்து, கண்ணாடி வாங்கி, அடிக்கடி தொலைக்கிறேன் என்று நூலில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டேன். லாச்சியைத் திறந்து அந்த நண்டைப் பார்த்தால் இப்போது என்னைப் பார்த்ததுபோலவே இருந்தது.

போன மாதம் நானா என் அலுவலகத்துக்கே வந்தார், கல்யாண அட்டையோடு. கடைசி மகளுக்குக் கல்யாணம். "மகள்தான் செல்லிச்சி, நங்கூரன் மாமாவுக்குக் கட்டாயம் காட் குடுக்கோணும் எண்டு. நீங்க என்ட சகன்லதான் இருந்து சாப்பிடோணும்," என்றார். ஒரு பெரிய தட்டில் சோற்றைப் பரப்பி, நாலைந்து பேர் சுற்றியிருந்து ஒன்றாகச் சாப்பிடுவது அவர்களுடைய வழக்கம். அந்தத் தட்டுத்தான் சகன். அவர் போன பிறகு அட்டையை வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். இந்த மனிதரோடு ஒரே சகனில் கை வைக்க எனக்கு முகமில்லை. அடுத்த சனிக்கிழமை பின்னேரம் தாளை எடுத்துக்கொண்டு கிண்ணியா பஸ்ஸில் ஏறினேன்.

வீட்டில் பெயின்ற் மணம். முற்றத்துக் கதிரையில் நானா இருந்தார். மகள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "இவங்களா நங்கூரன்? நான் நல்லா உசரமா இருப்பாங்க எண்டு நெனச்சன்," என்று சிரித்துக்கொண்டு உள்ளே போனாள். நான் தாளை அவர் மடியில் வைத்தேன்.

"நானா, அண்டைக்குப் பிழை விட்டது நான்தான். குத்துக்குப் போட வேண்டிய கோட்டை டாலித் தாளில போட்டிட்டன்."

"தெரியும்," என்றார்.

"தெரிஞ்சோ எழுதிக் குடுத்தனீங்கள்?"

"இல்ல. எழுதிக் குடுக்கக்குள்ள தெரியா." அவர் தாளைப் பார்த்தபடியே பேசினார். "நான்தான் ஒண்ட விட்டிருப்பன் எண்டு நெனச்சன். ஒங்கட கண்ணு பிழைக்காது எண்டு என்ட கண்ணச் சந்தேகப்பட்டன். வெளிய வந்து இந்தத் தாளப் பாத்த பொறகுதான் வெளங்கிச்சி. என்ட ஆளு எத்தின குத்து வாங்கினான் எண்டு எனக்குத் தெரியாதா?"

நான் இத்தனை வருடமும், அவர் தெரிந்தே எனக்காகப் பழியை ஏற்றார் என்று நினைத்திருந்தேன். நன்றியும் வெட்கமுமாக அதோடு ஒருவாறு வாழப் பழகியிருந்தேன். என்னை நம்பித் தன்னைச் சந்தேகப்பட்டார் என்பது அன்றுதான் தெரிந்தது. அது முன்னையதைவிடப் பல மடங்கு வலித்தது.

"ஏன் நானா பிறகு போய்ச் சொல்லேல்ல?"

"எழுதிக் குடுத்ததத் திருப்பி வாங்கப் போனா, ஒங்களக் காட்டிக் குடுக்கோணும். அது என்ட வேலையில்ல. நீங்க போய்ச் செல்லோணும்." இடது ஓரத்தைத் தொட்டுக் காட்டினார்: "ரெண்டு நாள் தாள வெச்சிருந்தன். அந்தக் கோட்ட நானே போட்டிருக்கலாம். போடல்ல. அது ஒங்கட கோடு. வந்து போடுவீங்க எண்டு பாத்துக்கிட்டு இருந்தன். ஒரு மூணு வருசம் ஒங்கட பேரச் செல்லக்குள்ள எழும்பிப் போயிருவன். அவ்வளவு கோவம்."

திங்கட்கிழமையே அலுவலகத்துக்கு எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். கொடுத்தும் விட்டேன், பழைய கோவைகள் இல்லை, கவனத்தில் எடுத்தோம் என்று ஒரு வரியில் பதில் வந்தது. நானா அதைப் பற்றி அக்கறைப்படவில்லை. பேனையை நீட்டினார். வாங்கினேன். "நானா, என்ர ஆளையும் பக்கத்தில விழுத்தி விடட்டுமா?" என்று கேட்டேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "விசர்க்கத கதைக்காதீங்க. ரெண்டு பேரும் விழுந்தா நண்டு ஆர்ட கையத் தூக்கும்? என்ட ஆளு நேர்மையா வாங்கி விழுந்தவன். வெண்டவன் எழும்பி நிக்காட்டி, அவன் விழுந்தது சும்மா போயிரும். கீறுங்க."

கீறினேன். கை பழக்கம் விட்டுப் போயிருந்தது. நங்கூரனின் தோள் கோணலாக வந்தது. வலது கையைத் தூக்கி நிறுத்தினேன். முகத்தை நிமிர்த்திக் கீற முடியவில்லை, தலை குனிந்தே வந்தது. கையெழுத்தை வைத்தேன். பிறகு இடது ஓரத்துக்குப் போய், மூன்றாவது கட்டில் நின்ற நாலு கோடுகளுக்கும் குறுக்கே ஒரு கோடு இழுத்தேன்.

நானா தாளைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். முதல் கட்டிலிருந்து எண்ணத் தொடங்கினார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. கடைசிக் கோட்டில் விரலை வைத்துக் கொஞ்ச நேரம் எடுக்காமல் இருந்தார்.

"பதினஞ்சு," என்றார். "இப்ப சரி."